இறங்குமுன் ஏற்றத்தை எண்ணுக

“ஏற்றம் உண்டானால் இறக்கம் உண்டு” என்பது நம் முன்னோர் வாக்கு. மலையேறுவோர்க்கு அது ஆறுதல் தரும் வாக்கு. ஏறும்போது எவ்வளவு களைத்தாலும், திரும்பும் வழி இறக்கமாயிருக்கும் என்னும் நம்பிக்கையே பாதி வலிமையைத் தந்துவிடும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் இவ்வாக்குத் தலைகீழாகிவிடுகிறது. அங்குள்ள கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் முதலில் வருவது இறக்கம். ஏற்றமோ, உடல் ஓய்ந்து, தண்ணீர் குறைந்து, வெயிலும் ஏறிய பின்னரே வருகிறது. அப்பள்ளத்தாக்கையே வகுப்பறையாகக் கொண்ட ஒரு கல்லூரி மலைநடைக் கழகத்தின் வரலாறு, இளைஞரை வளர்க்கும் பெற்றோர்க்கும் அவர்களை வழிநடத்துவோர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

கண்ணை ஏய்க்கும் ஆழம்

அப்பள்ளத்தாக்கின் நீளம் 277 மைல். சில இடங்களில் அகலம் 18 மைல். ஆழம் ஏறத்தாழ ஒரு மைல். அதன் அடியில் ஓடுவது கொலராடோ நதி. 1540-ஆம் ஆண்டில் கார்சியா லோப்பெஸ் டி கார்தெனாஸ் என்னும் ஸ்பானியத் தளபதியும் அவருடைய வீரரும், ஹோப்பி இனத்தார் வழிகாட்ட, அதன் விளிம்பை வந்தடைந்தனர். ஐரோப்பியர் அதனைக் கண்டது அதுவே முதன்முறை. மேலிருந்து பார்க்க நதி ஓர் ஓடைபோல் தோன்றிற்று. உடல் இலகுவான மூவர் இறங்கிப் பார்க்கத் துணிந்தனர். பிற்பகலில் களைத்துத் திரும்பிய அம்மூவரும், மூன்றில் ஒரு பங்கு ஆழமே இறங்க முடிந்தது என்றனர். மேலிருந்து ஓர் ஆள் உயரமாய்த் தெரிந்த பாறைகள், அருகே சென்றபோது செவில் நகரப் பேராலயக் கோபுரத்தைவிட உயர்ந்து நின்றனவாம்!

வெப்பமும் அவ்வாறே ஏமாற்றும். ஜூலை மாதப் பகற்பொழுதில் தென்விளிம்பில் 29 பாகை செல்சியஸ் இருக்கும்போது, நதிக்கரையில் 41 பாகை வரை கொதிக்கும். பைன் மர நிழலில் இளங்காற்று வாங்கிக்கொண்டு நிற்பவர், “சற்று இறங்கிப் பார்த்தால் என்ன?” என்று எண்ணுவது இயல்பே. கால்கள் தாமாகவே கீழே போகின்றன. பிழை புரியும்போது பாதி வழி கடந்திருக்கும்.

கணித ஆசிரியரும் கழகமும்

தென்விளிம்பிலிருந்து சுமார் 80 மைல் தொலைவில், 7,000 அடி உயரத்தில் இருக்கிறது பிளாக்ஸ்டாஃப் நகர். அதனை அடுத்து எழுந்து நிற்பவை சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். அவற்றுள் மிக உயர்ந்தது 12,633 அடி. அரிசோனாவிலேயே அதற்கு மேற்பட்ட உயரம் இல்லை. ஹோப்பி, நவஹோ முதலிய தொல்குடி மக்கள் இம்மலைகளைப் புனிதமாகப் போற்றுகின்றனர். 17-ஆம் நூற்றாண்டில் ஹோப்பி மக்களிடையே பணிபுரிந்த பிரான்சிஸ்கன் துறவியர், அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் பெயரை இவற்றுக்குச் சூட்டினர்.

இந்நகரின் கல்லூரிக்கு 1945-ஆம் ஆண்டில் கணிதம் கற்பிக்க வந்தவர் ஹார்வி புச்சார்ட். இவர் 1907-இல் சீனாவில், புராட்டஸ்டண்ட் மறைபரப்புத் தம்பதியருக்குப் பிறந்தவர். கல்லூரியின் மலைநடைக் கழகத்துக்கு வழிகாட்டும் பொறுப்பும் இவரிடம் வந்தது. மாணவரோடு சிகரங்களிலும் பள்ளத்தாக்கிலும் நடக்கத் தொடங்கிய இவரை, நாளடைவில் பள்ளத்தாக்கு முற்றிலும் ஆட்கொண்டுவிட்டது. 1987 வரையிலான 42 ஆண்டுகளில் 12,000 மைலுக்கு மேல் நடந்தார். ஆயிரம் நாள்களுக்கு மேல் அதனுள் கழித்தார். பள்ளத்தாக்கினுள் நிற்கும் சிகரங்களில் 83-இல் ஏறினார்.

நடந்ததைவிட அரியது, நடந்ததைப் பதிந்தது. எந்தப் பாறை இடுக்கில் ஊற்று உண்டு, 500 அடிக்கும் குறையாத செங்குத்தான செம்பாறைச் சுவரில் எவ்விடத்தில் இறங்க வழி உண்டு என்பனவற்றை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் தட்டச்சுச் செய்து வைத்தார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அக்குறிப்புகள் இன்றும் அங்கே காக்கப்படுகின்றன. அக்கல்லூரியே 1966-இல் வட அரிசோனாப் பல்கலைக்கழகமாயிற்று. 1970-இல் இவர் வெளியிட்ட நடைவழி நூல் பின்வந்தோர்க்குக் கைவிளக்காயிற்று. 2002-இல், 95-ஆம் அகவையில் காலமானார்.

1955, மே மாதம்

இத்தகைய வல்லவரின் வாழ்விலும் ஆறாத ஒரு பக்கம் உண்டு. கரையோரம் நடக்க வழியில்லாத இடங்களில், காற்றடைத்த மெத்தையின்மேல் மிதந்தபடி நதியில் செல்லும் முறையை இவர் கையாண்டார். கொலராடோ நதியை மேற்புறத்தில் தடுத்து நிறுத்திய கிளென் கேன்யன் அணை 1963-இல்தான் நீரைத் தேக்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர், வேனில் தொடக்கத்தில் ராக்கி மலைகளின் பனி உருகி, நதி கலங்கிப் பெருகி வரும். 1955 மே மாதத்தில், கழகத்தைச் சேர்ந்த ஒரு மாணவரும் ஆசிரியரும் இவ்வாறு மெத்தைகளோடு நதியில் இறங்கினர். மாணவர் நீரில் மூழ்கி இறந்தார். இருவராய்ச் சென்ற பயணத்திலிருந்து ஆசிரியர் ஒருவராய்த் திரும்பினார்.

நாம் அவரை நியாயந்தீர்க்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பழகிய காலுக்குப் பாதையாய் இருப்பது, பழகாத காலுக்குப் படுகுழியாகலாம். ஆசிரியர்மீது மாணவருக்கு இருக்கும் நம்பிக்கை பெரிது. “என்னால் இயலாது” என்று சொல்ல இளைஞர் நாணுவர். தலைவர் இறங்கினால் தாமும் இறங்குவர். ஆகவே, தலைவர் அளக்க வேண்டியது தம் வலிமையை அன்று, தம் பின்னே வருபவரின் வலிமையையே.

அனுபவம் எழுதிய விதிகள்

தென்மேற்கு மாநிலங்களில் மலைநடை செல்வோரிடையே இன்று சில விதிகள் வழங்கி வருகின்றன. பல, உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றவை.

முதலாவது, மெதுவாக நடப்பவரே கூட்டத்தின் வேகத்தை முடிவு செய்கிறார். அனுபவமுள்ள ஒருவர் எல்லோருக்கும் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் எவரும் விடப்படக் கூடாது.

இரண்டாவது, செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்ல வேண்டும். 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் எவரிடமும் சொல்லாமல், தனியே யூட்டா மாநிலத்து மலையிடுக்கு ஒன்றில் நடந்தார். புரண்ட பாறை ஒன்றில் அவருடைய வலக்கை சிக்கிக்கொண்டது. தேடி வருவார் எவருமின்றி ஐந்து நாள்களுக்கு மேல் கிடந்த அவர், தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு உயிர்தப்பினார்.

மூன்றாவது, இறங்க ஒரு மணி நேரமானால், ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நடத்தலாகாது. தண்ணீரோடு உப்புள்ள உணவும் வேண்டும். உண்ணாமல் நீரை மட்டும் மிகுதியாய்க் குடித்தால், இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே உயிருக்கு ஊறாகலாம்.

நான்காவது, தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் நம்பலாகாது. 1997 ஆகஸ்டு 12-இல் ஆன்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய மலையிடுக்கில் நின்ற பதினொருவரைத் திடீர் வெள்ளம் கொண்டு சென்றது. மழை பெய்ததோ பல மைல் தொலைவில்!

ஐந்தாவது, பாலை என்றால் வெயில் மட்டுமே என்று எண்ணலாகாது. 1958 நவம்பரில் தென் அரிசோனாவின் ரைட்சன் மலையில், பனிப்புயலில் சிக்கிச் சிறுவர் சாரணர் மூவர் மாண்டனர். அத்துயரத்தைத் தொடர்ந்தே அப்பகுதியில் தொண்டர்களைக் கொண்ட மீட்புச் சங்கம் தோன்றிற்று.

இவை மனிதரைக் காக்கும் விதிகள். நிலத்தைக் காக்கும் விதியும் ஒன்று உண்டு. பாலை மண்ணின் மேல் கருமையாய்ப் படர்ந்திருக்கும் பொருக்கு நுண்ணுயிர்களால் ஆனது. அதுவே மண்ணைக் காற்று வாரிச் செல்லாமல் பிணைத்து வைக்கிறது. ஒருவர் கால்பட்டு உடைந்தால், மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் பாதையை விட்டு விலகலாகாது.

பாறையில் வெட்டிய படிகள்

இதே நிலப்பரப்பில் 1776-ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் துறவியர் இருவர் ஒரு குழுவை வழிநடத்தி வந்தனர். அருட்தந்தையர் டொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்பார் அவர்கள். சான்டா ஃபே நகரிலிருந்து கலிபோர்னியாவின் மோன்டெரேக்கு வழிகாணப் புறப்பட்டவர்கள், குளிர்காலம் நெருங்கவே திரும்ப நேர்ந்தது. உணவு தீர்ந்து, தம் குதிரைகளையே கொன்று உண்ணும் நிலை வந்தது. கொலராடோ நதியை எவ்விடத்தில் கடப்பது என்று நாள் பல அலைந்தனர். இறுதியில் ஒரு துறையைக் கண்டபோது, கால்நடைகள் இறங்கும் பொருட்டுப் பாறையைக் கோடரியால் கொத்திப் படிகள் அமைத்தனர். நவம்பர் 7-இல் குழு நதியைக் கடந்தது. “தந்தையரின் துறை” எனப் பெயர்பெற்ற அவ்விடம், இன்று அணை தேக்கிய ஏரியின் அடியில் மூழ்கிக் கிடக்கிறது.

மனிதர் எப்படியாவது தொற்றி இறங்கியிருக்கக்கூடும். தம்மோடு வந்த விலங்குகளும் இறங்க வேண்டுமே என்று நின்று படி வெட்டியதில் தலைமையின் இலக்கணம் அடங்கியிருக்கிறது.

வெளியூர்ப் பயணம் என்றவுடன் நம் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. அதைத் தடுக்க வேண்டுவதில்லை. நடையும் வெட்டவெளியும் நட்பும் இளமைக்கு நல்லுரம். ஆனால் அனுப்புமுன் அழைத்துச் செல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே போகிறீர்கள்? எப்போது திரும்புவீர்கள்? எல்லோருக்கும் கடைசியில் நடந்து வருபவர் யார்? மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம்.