புற்றுநோய்க் கலத்தின் அடையாளம் மாறுமா?

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சுகமான ஒருவருக்குச் சில வருடங்களின் பின் எலும்பிலோ ஈரலிலோ நோய் மீண்டும் தலைகாட்டலாம். அப்போது வைத்தியர், "அங்கிருந்தும் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்பார். "முதல் அறிக்கைதான் இருக்கிறதே, மறுபடியும் எதற்கு ஊசி?" என்று வீட்டார் கேட்பது இயல்பே. முதல் அறிக்கையில் எழுதப்பட்ட அடையாளங்கள் அப்படியே நிலைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகத்தான்.

அந்த அறிக்கையில் முக்கியமாக மூன்று அடையாளங்கள் இருக்கும். ஈஸ்திரஜன் வாங்கி, புரோஜெஸ்தரோன் வாங்கி என்னும் முதலிரண்டும் அந்தக் கலங்கள் ஓமோனின் தூண்டுதலால் வளர்பவையா என்பதைக் காட்டும். அவ்வாறாயின் தமொக்சிபென் போன்ற மருந்துகள் பயன் தரும். மூன்றாவது ஹேர்-2. இதற்குரிய பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. சாதாரண கலமொன்றில் அதற்கு இரண்டு பிரதிகளே உண்டு. சில புற்றுக்கட்டிகளில் அவை பல மடங்காகப் பெருகிவிடுகின்றன. அதனால் கலத்தின் மேற்பரப்பில் ஹேர்-2 புரதம் நெருக்கியடித்து நின்று, "பிரிந்து பெருகு" என்ற கட்டளையை ஓயாமல் அனுப்புகிறது.

இவ்வாறு பிரதிகள் பெருகியவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்பதை, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டெனிஸ் ஸ்லேமனும் அவரது குழுவினரும் 1987இல் வெளியிட்டனர். அப்புரதத்தைத் தடுக்கும் ட்ரஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998இல் அங்கு அனுமதி கிடைத்தது. விலை கூடிய மருந்து. இதயத்தையும் சிலவேளை பாதிக்கும். அடையாளம் இல்லாதவருக்குக் கொடுத்தால் பணமும் உடலும் வீணாகும். அடையாளம் இருந்தும் தவறவிட்டால் உயிருக்கே நட்டம்.

உடலிலிருந்து எடுத்த துண்டிலேயே அடையாளம் அழிந்துபோகும் ஆபத்தும் உண்டு. குருதியோட்டம் நின்றதும் இழையம் சிதையத் தொடங்குகிறது. ஆகவே அதை ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினில் இட வேண்டும். அதில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் வைக்க வேண்டும் என்பது சர்வதேச நெறிமுறை. பின்னர் மெழுகுக் கட்டியாக்கிவிட்டால் பல வருடங்கள் கழித்தும் பரிசோதிக்கலாம். எலும்புத் துண்டென்றால் இன்னொரு சிக்கல். அதை வெட்டுவதற்காகக் கடும் அமிலத்தில் மென்மையாக்கினால் டிஎன்ஏயே பழுதாகிவிடும். ஆய்வுகூடத்தில் பெயர் தெரியாத ஒருவர் காட்டும் கவனத்தில் ஒரு நோயாளியின் சிகிச்சையே தங்கியிருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வயலில் ஒரே களைநாசினியைத் தொடர்ந்து அடித்தால், அதற்குச் சாகாத களைகள் மட்டும் எஞ்சிப் பெருகுவதைக் கண்டிருப்பீர்கள். கட்டிக்குள்ளும் எல்லாக் கலங்களும் ஒரே மாதிரியானவையல்ல. ஓமோனைத் தடுக்கும் சிகிச்சைக்குத் தப்பிய கலங்கள் பெருகும்போது அவற்றில் ஈஸ்திரஜன் வாங்கி இல்லாமலிருக்கலாம். அல்லது விகாரமடைந்து ஓமோன் இல்லாமலே இயங்கலாம். முதற் கட்டியையும் பரவிய கட்டியையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஈஸ்திரஜன் வாங்கியின் நிலை மாறியிருந்தது. புரோஜெஸ்தரோன் வாங்கி இன்னும் கூடுதலாக மாறுகிறது. ஹேர்-2 ஓரளவு உறுதியானது. பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே மாறுகிறது.

மாணவியர் பலர் இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. உம்மாவின் அறிக்கையில் ஹேர்-2 என்றிருந்தால் மகளுக்கும் அது வருமோ என்று பயப்படுகிறார்கள். வராது. அந்தப் பெருக்கம் கட்டிக்குள் மட்டுமே நிகழ்ந்தது. பரம்பரையாக வருவது பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 போன்ற பரம்பரையலகுகளின் விகாரம். அது பிறப்பிலிருந்தே உடலின் கலங்களிலெல்லாம் இருப்பதால் குருதிப் பரிசோதனையே போதும், வயதோடு மாறாது. உம்மாவிடமிருந்து மட்டுமன்றி வாப்பாவிடமிருந்தும் வரலாம்; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஆகவே இரண்டாவது ஊசி என்றதும் முதல் வைத்தியர் பிழை விட்டுவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை. பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து கையோடு கொண்டுசெல்லுங்கள். மெழுகுக் கட்டி எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பரவிய இடம் ஊசி எட்டாத இடமாயிருந்தால் வைத்தியருக்கு அந்தப் பழைய கட்டிதான் கைகொடுக்கும்.