எரிவது விளக்கு, அரித்தது உப்பு

ஆத்தூரில் திருச்செந்தூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிப் புன்னைக்காயலுக்குள் நுழையும்போதே கார்க் கண்ணாடியில் பிசுபிசுப்பு ஏறிவிடும். தாமிரபரணி கடலில் கலக்கிற ஊர். அக்கம்பக்கத்தில் உப்பளங்கள், தெருவில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் வண்டிகள். வாசல் கேட்டின் கீலே சீக்கிரம் உதிர்ந்துபோகும் இடத்தில், சக்கரத்தின் உட்புறம் சுண்டுவிரல் கனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சென்சார் எத்தனை நாள் தாங்கும்?

ஒருநாள் டேஷ்போர்டில் ‘ஏபிஎஸ்’ என்று மஞ்சள் விளக்கு எரியும். “பிரேக் பிடிக்கத்தானே செய்யுது” என்று அப்படியே ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். அதில் பாதி உண்மை. ஏபிஎஸ்ஸுக்கு வேண்டியதெல்லாம் நான்கு எண்கள்: நான்கு சக்கரங்களும் அந்த நொடியில் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்பது. அதைச் சொல்வதுதான் அந்தச் சென்சார். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஏதாவது ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போனால், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். ஒரு எண் வராமல் போனாலும் அது விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழைச் சாலையில் திடீரென்று மிதித்தால் சக்கரம் பூட்டும், வண்டி வழுக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பியும் திரும்பாது. மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே வேண்டாம், ஓரம் கட்டுங்கள்.

விளக்கே எரியாமல் வரும் கோளாறு இதைவிட மோசம். நின்றுவிடப் போகிற வேகத்தில் பெடல் ‘கர்ர்’ரென்று உதறும், வண்டி சில அடி கூடுதலாக ஓடி நிற்கும். சென்சார் உட்காரும் இடத்தில் துரு பொருமி, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்திலிருந்து அதைத் தூக்கிவிட்டிருக்கும். இடைவெளி கூடினால் குறைந்த வேகத்தில்தான் சிக்னல் முதலில் செத்துப்போகும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிடும். 2005இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே கோளாறுக்காகத்தான். பனியை உருக்க அங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை, கடல் இலவசமாகவே தெளித்துவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் ‘சி0035’ போல ஒரு எண் வரும். பல வண்டிகளில் அதன் பொருள் முன்பக்க இடது சக்கரம். “சென்சார் போயிட்டு அண்ணாச்சி, மாத்திரலாமா?” என்பார்கள். இங்கேதான் பணம் வீணாகிறது. அந்த எண் எந்தச் சக்கரம் என்று சொல்லுமே தவிர, எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. சென்சாரா, கம்பியா, கனெக்டரா, பல் வளையமா, பேரிங்கா? பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் வைத்து நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று 30 காட்டும்போது ஒன்று மட்டும் தள்ளாடினால் அதுதான் ஆள். பிறகு சக்கரத்தைக் கழற்றிக் கனெக்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. பழைய காந்தச் சுருள் வகை சென்சாரில் மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலும் ஆயிரம் ஓம் அக்கம்பக்கத்தில் காட்டும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. இப்போதைய வண்டிகளில் இருப்பது மின்சாரம் கொடுத்தால்தான் பேசும் வகை. அதில் ஓம் அளப்பதில் அர்த்தமில்லை, சென்சாரே கெடவும் கூடும். இன்னொன்று: பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிந்தால் சென்சார் வாங்காதீர்கள். பல வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதிலாக வரும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். திருப்பி மாட்டிவிட்டால் சென்சார் வெறும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீரில் நின்ற கார் கைமாறி வந்தாலும் வரும். பழைய கார் வாங்கும்போது சாவியைத் திருப்புங்கள்: ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மகிழ்ச்சியடையாதீர்கள். கோளாறை மறைக்க விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். குறை இருப்பது தெரிந்தே வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவில் அபராதம் உண்டு. அதனால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் சிறைவரை போகலாம்.

பணம் கொடுக்கிறவருக்கும் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். அலட்சியமான வேலை சேவைக் குறைபாடு. திருநெல்வேலியில் வேலை பார்த்த வண்டிக்கும், நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பாருங்கள், பல புகார்கள் அங்கேயே பேசி முடிந்துவிடும். ஒரே மாடலில் பலருக்கும் இதே கோளாறு என்றால் கதை வேறு. தயாரிப்பிலேயே குறை என்று தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவில் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, செலவு நிறுவனத்துடையது.

ஊர் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இல்லாததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் சக்கரத்தின் உட்புறத்தைக் கழுவுங்கள், மேல்பூச்சு மினுக்குவது அப்புறம். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் ‘ஏபிஎஸ் விளக்கு எரிகிறது’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எந்த வேகத்தில், மழையிலா வெயிலிலா, பெடல் உதறுகிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சாவியைக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை: “தம்பி, சென்சார் மாத்துனா பழசை டிக்கியில போட்டு வச்சிருங்க.”