சயானா இன்ஸ்பெக்டர்

மாந்தோப்புகளுக்குப் பெயர்போன ஊர் சயானா. உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூரின் காவல் நிலையப் பொறுப்பில் இருந்தவர் இன்ஸ்பெக்டர் சுபோத் குமார் சிங். போலீஸ்காரரான தந்தை பணியின்போது இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர்.

2018 டிசம்பர் 3 அன்று பக்கத்து மஹாவ் கிராம வயலில் பசுவின் உடல் பாகங்கள் கிடந்ததாகச் செய்தி பரவியது. அவற்றை டிராக்டரில் ஏற்றி வந்த கும்பல் சிங்ராவதி புறக்காவல் நிலையத்துக்கு அருகே சாலையை மறித்தது. சிங் சமாதானம் பேசிப் பார்த்தார். பலன் கற்கள்தான். வாகனங்கள் எரிந்தன. தாக்கப்பட்ட சிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயலில் நின்ற ஜீப்பிலிருந்து அவர் உடல் தலைகீழாகத் தொங்கிய காட்சியை நாடே செல்போனில் பார்த்தது. உள்ளூர் இளைஞர் ஒருவரும் அன்று குண்டுக்குப் பலியானார்.

2015-ல் தாத்ரி அருகே நடந்த முகமது அக்லக் கொலையைத் தொடக்கத்தில் விசாரித்தவரும் சிங்தான். இதைத் தற்செயல் என்று ஏற்க அவர் குடும்பத்தினர் தயாராக இல்லை. ஆனாலும், மதத்தின் பெயரால் வன்முறையைத் தூண்டாத நல்ல குடிமகனாகத் தன்னை வளர்க்கவே அப்பா விரும்பினார் என்றுதான் மகன் நிருபர்களிடம் சொன்னார்.

2019 ஆகஸ்டில் ஜாமீனில் வந்த சிலருக்குச் சிறை வாசலில் மாலை மரியாதை! தீர்ப்பு வர 2025 ஆகஸ்ட் ஆனது. கொலைக்காக ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை, மற்ற 33 பேருக்கு ஏழாண்டு சிறை.