சாரலும் குதிரையின் மூச்சும்

ஆனி, ஆடிச் சாரல் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். தென்காசிப் பக்கம் படப்பில் கிடக்கும் வைக்கோலுக்கு அப்படியில்லை. நனைந்த கட்டைப் பிரித்தால் சாம்பல் பச்சையாய்ப் புகை போலக் கிளம்பும். அது தூசி மட்டுமல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்து.

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. தீவனத்தில் முகம் புதைத்துத் தின்னும்போது அத்தனையும் உள்ளே போகும். திடமான குதிரை சமாளித்துவிடும். கடும் கழிச்சலில் நலிந்த குதிரை என்றால், பூஞ்சை நுரையீரலிலேயே குடியேறலாம்.

ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு இயல்பு. விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். கூடினாலோ, மூக்குத் துவாரம் விரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சளியில் வித்து தெரிந்ததுமே நோய் என்றுவிட முடியாது. லாயத்துக் காற்றிலேயே அது இருக்கிறதே! நுரையீரலைக் கழுவி எடுத்த நீரையும், தேவைப்பட்டால் துளித் திசுவையும் சோதிப்பார்கள். நோய் உறுதியானால், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். குதிரையின் எடைக்குச் செலவைக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும்.

நல்ல வைக்கோலைத் தண்ணீரில் முக்கிப் போட்டால் தூசி அடங்கும். பூஞ்சை பூத்த கட்டை முக்கியும் போடாதீர்கள்.