குருவிக்கும் வேண்டும் ஒரு கூடு
வீட்டிலிருக்கும் பொருட்களைக் கொண்டே செய்யலாம்

கோழி வளர்க்க இடமில்லாத வளவிலும் ஒரு சோடி பிஞ்ச் குருவியை வளர்க்க இடமிருக்கும். சிலர் ஆசைக்கு வளர்க்கிறார்கள். சிலர் குஞ்சுகளை விற்றுச் சிறு வருமானம் பெறுகிறார்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஸீப்ரா பிஞ்ச். ஆணின் கன்னத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டு இருக்கும். பெண்ணுக்கு அது இல்லை. கூட்டில் பிறந்து வளர்ந்த பறவைகளையே வாங்குங்கள். வயல்வெளிக் குருவிகளைப் பிடித்து அடைக்க வேண்டாம்.

முட்டையிடுவதற்குக் கூடு அவசியம். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சிரட்டைக் கூடு: இரண்டு பாதிச் சிரட்டைகளைச் சுரண்டி, சுடுநீரில் கழுவி, வெயிலில் நன்கு காய வையுங்கள். தேங்காய் ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றில் குருவி நுழையுமளவு, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலத்தில் வாசல் வெட்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, கம்பி முனைகளை வெளிப்புறமாக மடித்து விடுங்கள்.

முட்டிக் கூடு: சிறிய மண்முட்டியைச் சற்றுச் சரித்துக் கட்டுங்கள். வாய் அகலமானால் பாதியைப் பலகைத் துண்டால் மறையுங்கள்.

பலகைப் பெட்டி: நீளம், அகலம், உயரம் மூன்றும் 15 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் போதும். முன்பக்கத்தில் கீழ்ப்பாதியை அடைத்து மேற்பாதியைத் திறந்து விடுங்கள்.

பனையோலைக் குட்டானும் நல்லது. பால்மாப் பேணி மட்டும் வேண்டாம். வெயிலில் சூடேறும். வெட்டிய விளிம்பும் காயப்படுத்தும்.

மூன்று சோடிக்கு ஐந்து அல்லது ஆறு கூடுகள் வையுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் உயர இருந்தால் அதற்காக எல்லாம் சண்டையிடும்.

உள்ளே பரப்ப, மருந்தடிக்காத காய்ந்த புல்லையும் விரல் நீளத்துக்கு வெட்டிய தென்னந்தும்பையும் கொடுங்கள். தையல் வேலை செய்யும் சகோதரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூல், கம்பளி, தலைமயிர், வலை நைலோன் எதையும் போடக் கூடாது. அவை காலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குருவி காலையே இழக்கும்.

ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டைகள் வரை இடும். முட்டையிடத் தொடங்கியதும் மீதிப் புல்லை எடுத்து விடுங்கள். இல்லையேல் முட்டைக்கு மேலேயே மறுபடி கூடு கட்டும். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். ஏறத்தாழ 2 வாரத்தில் குஞ்சு பொரிக்கும். மேலும் 3 வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வரும். அப்போதும் அவற்றுக்குத் தாய் தந்தையே தீத்தும். தானே பொறுக்கித் தின்னும் வரை பிரிக்க வேண்டாம்.

தினை, சாமை, குரக்கன், கீரை, சுத்தமான நீர் ஆகியவற்றோடு அவித்துக் காயவைத்துப் பொடியாக்கிய முட்டைக் கோதும் எப்போதும் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டை வெளிவராமல் தடைப்பட்டுத் தாய்க்குருவி இறந்து விடலாம். ஓய்வின்றி முட்டையிடும் பறவைக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே ஆண்டுக்கு 2 அல்லது 3 ஈட்டுடன் நிறுத்துங்கள். கூடுகளைக் கழற்றினால் முட்டையிடுவது பெரும்பாலும் நின்று விடும். குஞ்சு விற்கும் ஆசையில் கூட்டை எப்போதும் தொங்க விடுவோர் முதலில் இழப்பது தாய்க்குருவியைத்தான்.

எறும்பு ஏறாதிருக்கக் கூண்டின் கால்களை நீர் நிறைத்த பேணிகளில் வையுங்கள். எலியும் பாம்பும் நுழையாதபடி அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள வலையைப் பாவியுங்கள். அடுப்புப் புகை படாத, நிழலான இடமே நல்லது. குஞ்சுகள் போனபின் பழைய புல்லை எரித்து, கூட்டைச் சுடுநீரால் கழுவி வெயிலில் காய விடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். அருகிலுள்ள பறவைக் கடையில், குஞ்சுகளை வாங்குவார்களா, என்ன விலை என்று முதலில் கேளுங்கள். ஒரு சோடியோடு தொடங்குங்கள். முதல் ஈட்டுக் குஞ்சுகளை நல்லபடி வளர்த்தெடுத்த பின்னர் அடுத்த சோடியைப் பற்றி யோசிக்கலாம்.