சிறுவர் நூலகமும் வாராந்தக் கதை நேரமும்

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் நமது பொது நூலகங்கள் விழாக்கோலம் பூணுகின்றன. தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டுக் கட்டுரை, பேச்சு, சித்திரப் போட்டிகள் நடத்தப்பட்டுச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. நவம்பர் வந்ததும் பல நூலகங்களின் சிறுவர் பகுதி வெறிச்சோடிவிடுகின்றது. அங்கு அமர்ந்திருக்கும் ஒருசிலரின் முன்னாலும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களே விரிந்து கிடக்கின்றன.

போட்டி என்பது ஏற்கனவே வாசிக்கப் பழகிய பிள்ளையை இனங்காணும் ஏற்பாடு மட்டுமே. வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளையைப் புத்தகத்தின் அருகே அது கொண்டுவருவதில்லை. 1994ஆம் ஆண்டின் யுனெஸ்கோ பொது நூலகப் பிரகடனம், இளவயதிலேயே சிறுவரிடம் வாசிப்புப் பழக்கத்தை உருவாக்கி வலுப்படுத்துவதை நூலகப் பணிகளுள் முதலாவதாகக் குறிப்பிட்டது. இதற்குப் பல நாடுகளின் நூலகங்கள் கைக்கொள்ளும் எளிய வழி வாராந்தக் கதை நேரமாகும்.

தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கு இது ஏனையோரிலும் பார்க்க அவசியமானது. வீட்டில் ‘வாறன்’ என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் ‘வருகிறேன்’ என்பதைக் காண்கின்றது. ‘உம்மா’, ‘வாப்பா’ என்றழைக்கும் முஸ்லிம் பிள்ளையோ பாடநூலில் பெரும்பாலும் அம்மாவையும் அப்பாவையுமே சந்திக்கின்றது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையிலான இத்தூரத்தை ஆறு வயதில் தனியே கடப்பது இலகுவானதல்ல. எழுத்துத் தமிழ் முதலில் காதுக்குப் பழகினாலே கண்ணுக்கும் பழகும். உரத்து வாசிக்கப்படும் கதை செய்வது இதனைத்தான்.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. விரிப்பொன்று, படங்கள் நிறைந்த சில நூல்கள், அவற்றை முன்கூட்டியே வாசித்துத் தயாராகிய ஒருவர் இருந்தால் போதும். அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும். முடிவில் கேள்வி கேட்டுப் புள்ளியிடுவதைத் தவிர்த்தல் நலம். பிள்ளைகள் பரீட்சையை இங்கும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அமைதி காக்குமாறு கூறும் அறிவித்தல் பலகையையும் அவ்வேளையில் மறந்துவிடலாம்.

1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போது, அழிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையுமே நினைவுகூருகின்றோம். அங்கே சிறுவர் பகுதியொன்றும் இயங்கியது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சிறுவர் பகுதியை ஓர் இணைப்பாகவே கருதும் நமது மனப்பாங்கு அதிலும் தெரிகின்றது.

கதை முடிந்ததும் அந்நூலைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியவேண்டும். ஆனால் அங்கத்துவத்துக்குப் பிணையாளரின் கையொப்பமும் வைப்புப் பணமும் கோரும் உள்ளூராட்சி நூலகங்கள் உள்ளன. வாடகை வீட்டில் வாழும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அவ்விரண்டும் எட்டாதவை. சிறுவர்களுக்கு மாத்திரமாவது இவ்விதியைத் தளர்த்துவதற்கு மாநகர, நகர, பிரதேச சபைகள் முன்வர வேண்டும். அதுவரையில் கதையைக் கேட்ட பிள்ளை வெறுங்கையுடனேயே வீடு திரும்பும்.