அலையேறுமுன் உடலைப் பழக்குவோம்



சென்ற கோடை விடுமுறை முடிந்து எமது பாடசாலை மீண்டும் தொடங்கிய முதற் சனிக்கிழமை. பத்தாம் வகுப்பு மாணவனொருவனைக் கரும்பலகையில் எழுத அழைத்தேன். அவனது வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. பெற்றோருடன் தாயகம் சென்றவன், அறுகம்குடாவிற் பத்து நாள்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் அலைச்சறுக்கிற் கழித்திருக்கிறான். "விழுந்தாயா?" என்றேன். "இல்லை, சேர். அடியும் படவில்லை" என்றான். அடிபடாத தோள் ஏன் நொந்தது? இக்கட்டுரை அவ்வினாவுக்கான விடையே.

பொத்துவிலை அண்டிய அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்குரிய பருவம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரையாகும். எமது பிள்ளைகளின் கோடை விடுமுறை அப்பருவத்தின் நடுவே வருகிறது. கடலில்லாத இந்நாட்டிலும், வாலிஸ் மாநிலத்துச் சியோன் நகரில் 2021 ஆம் ஆண்டு முதல் செயற்கை அலைக்குளம் இயங்கி வருகிறது. அதே ஆண்டு ரோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றது. ஆகவே, எம் பிள்ளைகள் இதனை விரும்புவதில் வியப்பில்லை.

தமிழருக்கு அலை புதிதன்று. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் 2012 இல் அலைச்சறுக்குப் பள்ளியொன்றைத் தொடங்கினார். மீனவப் பிள்ளைகள் பலர் அங்கு தேர்ந்தனர். கட்டுமரம் தள்ளியும், துடுப்புப் போட்டும், வலை இழுத்தும் வளரும் உடல், பலகையில் ஏறுமுன்னரே பாதிப் பயிற்சியைப் பெற்றுவிடுகிறது. எம் பிள்ளைகளோ ஆண்டு முழுவதும் கதிரையிலிருந்து, கணினியை நோக்கிக் குனிந்துவிட்டு, திடீரெனக் கடலில் இறங்குகின்றனர்.

அலைச்சறுக்கு என்றதும் அலைமேல் நிற்கும் காட்சியே மனக்கண்ணில் தோன்றும். உண்மையில் நீரிற் கழியும் நேரத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு, பலகையிற் குப்புறப் படுத்துக் கைகளால் நீரை வலிப்பதிலேயே செல்கிறது. நின்று சறுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வலிக்கும்போது நெஞ்சை உயர்த்த வேண்டும். மேல்முதுகு இறுகியிருந்தால் அது வளையாது. அது செய்யாத வேலையைத் தோளும் இடுப்பு முதுகும் சுமக்கின்றன. ஆயிரம் முறை அவ்வாறு சுமந்த தோளே அம்மாணவனின் தோள்.

இதற்கு மருந்து முன்பயிற்சியே. பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே தொடங்கி, நாள்தோறும் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்குங்கள்.

மேல்முதுகு: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையைப் பிடரியில் வைத்து, முழங்கை கூரையை நோக்குமாறு மெல்லத் திரும்புக. பக்கத்துக்கு எட்டு முறை.

தோள்: கைகளை முன்னும் பின்னும் பெருவட்டமாகச் சுழற்றுக. பின் இறப்பர்ப் பட்டியொன்றை நெஞ்சுக்கு நேரே இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்குக.

இடுப்பு: பாதம் முழுதும் நிலத்திற் பதியக் குந்தியிருந்து எழுக. எம் மூதாட்டியர் குந்தியிருந்தே மீன் வெட்டினர். அவர்களுக்கு இது பயிற்சியன்று, வாழ்க்கை.

கணுக்கால்: குதிக்கால் நிலத்தை விட்டு எழாமல், முழங்காலை முன்னே வளைத்துச் சுவரைத் தொடுக.

இவற்றோடு, வாரம் இருமுறை எமது நகரின் கைசல்வைட் நீச்சற்குளத்துக்குச் சென்று நீந்துவது பெரிதும் உதவும். பயிற்சியில் வலி தோன்றினால் நிறுத்தி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடற்கரையை அடைந்ததும் பத்து நிமிடங்கள் ஓடியும் அசைந்தும் உடலைச் சூடாக்குங்கள். அசையாது நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளைக் கரையேறிய பின் செய்யலாம். முதல் நாள்களில் ஒரு மணி நேரம் போதும். விழும்போது தலைகீழாகப் பாயாது, தட்டையாக விழுங்கள். மேலெழும்போது இரு கைகளாலும் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயங்களிற் பல, தன் பலகையே தன்மேல் மோதுவதால் நேர்வன. அறுகம்குடாவின் முதன்மை அலையிடத்தின் அடியிற் பாறையுண்டு. புதியவர்கள் மணலடியுள்ள இடத்தையே நாடவேண்டும்.

பெற்றோர் கட்டாயம் அறியவேண்டியது ஒன்றுண்டு. முதன்முறை பழகுவோர் நெடுநேரம் முதுகைப் பின்வளைத்துப் படுத்திருக்கும்போது, மிக அரிதாக, முள்ளந்தண்டு வடத்துக்குச் செல்லும் குருதி தடைப்படலாம். ஹவாய்த் தீவுகளின் வைத்தியர்கள் 2004 இல் இதனை விவரித்தனர். திடீர் முதுகுவலியோ, கால்களில் விறைப்போ, பலவீனமோ தோன்றினால் உடனே கரையேறி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். "சற்றுப் படுத்தாற் சரியாகிவிடும்" எனக் காத்திருத்தல் கூடாது.

எம் மாணவன் வைத்தியரின் சொற்படி ஓய்வெடுத்து, மாதக்கணக்கிற் பயிற்சி செய்தான். தைப்பொங்கல் விழாவன்று, கரும்பலகையின் உச்சியில் "பொங்கலோ பொங்கல்" என எழுதியவன் அவனே. வருமுன் காப்பது அறிவு. பிள்ளைகளே, கடல் எங்கும் போய்விடாது. உடலைப் பழக்கிக்கொண்டு அதனிடம் செல்லுங்கள்.